கடைசி நாற்பது நிமிடம்

படத்தை அவன் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தான்.

கிழவர் படகுக்கு அவசர அவசரமாகத் தார் பூசினார். கிழவி அவசர அவசரமாகத் தேநீர் கொண்டுவந்தாள். வெளியே ஏரி உறைந்து கிடந்தது. பனி உருகியதும் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும். எஸ்தோனியப் படம். மொத்தக் கதையே அவ்வளவுதான்.

இன்னும் நாற்பது நிமிடம் இப்படியே இருந்துவிடுங்கள் என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினான்.

நான்கு வருடமாக ஞாயிறு இணைப்பில் எழுதுகிறான். வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்க, ஊர் உலகம் கண்டுகொள்ளாத வெளிநாட்டுப் படங்கள். வாரத்துக்கு ஒன்று. முடிவை மட்டும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அது ஒரு வீறாப்பு.

காலையில் தாராபுரத்திலிருந்து சுலோச்சனா என்கிற வாசகி கூப்பிட்டார்.

அவரும் கணவர் சென்னியப்பனும் ஒரு வாரம்கூட விடாமல் அவன் சொன்ன படங்களைப் பார்ப்பவர்களாம். இப்போது கணவருக்கு நுரையீரல் கைவிட்டுவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நேற்றுதான் வந்திருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக, படம் போடு என்கிறாராம்.

“யாரும் சாகாத படமா ஒண்ணு சொல்லுங்க சார்.”

இதென்ன பிரமாதம் என்றுதான் அவனும் நினைத்தான்.

பழைய பட்டியலைத் திறந்தான். இருநூற்றுச் சொச்சம் படங்கள். ஒன்றில் தாய் போயிருந்தாள். ஒன்றில் குழந்தை. ஒன்றில் ஊரே போயிருந்தது. யாருமே சாகாத ஒரு படத்தில் குதிரை செத்தது. அத்தனைக்கும் வாரி வாரி நட்சத்திரம் கொடுத்திருந்தான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியனாம். இவன் முழு வைத்தியனே ஆகியிருக்கலாம்.

அந்த அம்மா மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தார்.

அப்போதுதான் இந்தப் படம் கண்ணில் பட்டது. படகு, கிழவர், கிழவி. சாவு வாடையே கிடையாது. பெயரைச் சொன்னான். எங்கே கிடைக்கும் என்பதையும் சொன்னான். அவர் இரண்டு முறை நன்றி சொல்லி வைத்தார்.

வைத்த பிறகுதான் உறைத்தது.

அவன் இதை முழுசாகப் பார்க்கவில்லை.

அந்த வாரம் கட்டுரை அனுப்ப நேரமாகிவிட்டது. பாதிப் படத்தோடு நிறுத்தி எழுதி அனுப்பிவிட்டான். நுனிப்புல் மேய்ந்ததைக்கூட மன்னிக்கலாம். ‘கடைசிக் காட்சி உங்களை விட்டு நீங்காது’ என்று வேறு எழுதியிருந்தான். உடனே விட்ட இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டான்.

செல்போனில் சுலோச்சனாவிடமிருந்து செய்தி வந்து விழுந்தது. ஆரம்பித்துவிட்டார்களாம்.

திரையில் கிழவர் தார்ச் சட்டியைக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்தார். கிழவி உள்ளேயிருந்து ஏதோ கேட்டாள்.

பதில் இல்லை.

இரண்டாம் முறை கேட்டாள்.

அவன் செல்போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். ‘படத்தை நிறுத்துங்கள்’ என்று செய்தி அனுப்பினான். அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. தாராபுரம் பக்கத்துத் தெருவிலா இருக்கிறது, ஓடிப்போய் டிவியை அணைக்க?

இங்கே படம் முடிந்தது. பனி உருகிவிட்டது. படகு கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. அப்படியே ஐந்து நிமிடம் காட்டினார்கள்.

அழுகை வந்தது அவனுக்கு. படத்துக்காக இல்லை.

மதியச் சோற்றை அப்படியே மூடி வைத்தான். மூன்று மணிக்கு அந்த அம்மாவே கூப்பிட்டார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பாதியிலேயே கணவருக்குக் கண் அசந்துவிட்டது, மீதியை நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன் என்றார். கடைசி வரைக்கும் பார்த்தேன் என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

“இப்ப எந்திரிச்சுட்டு, படகு என்னாச்சுன்னு கேக்கறாருங்க. எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீங்களே சொல்லிருங்க சார்.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் செல்போன் கை மாறிவிட்டது.

முதலில் சென்னியப்பனின் மூச்சுதான் கேட்டது. ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது அவருக்கு.

“மீதியப் பாக்கறதுக்கு... தெம்பு இருக்குமோ என்னமோ. முடிவச் சொல்லிப்போடுங்க. அந்தாளு... படகத் தண்ணில எறக்கிட்டாருங்களா?”

“எறக்கிட்டாருங்க” என்றான்.

“அந்தம்மா?”

“கூடவே ஏறிக்கிட்டாங்க.”

“துடுப்பு... யாரு போட்டது?”

நான்கு வருடம் படம் பார்த்து எழுதியவனுக்கு ஒரு காட்சி கிடைக்கவில்லை. துடுப்பை எப்படிப் பிடிப்பார்கள் என்பதுகூட மறந்துபோயிற்று.

“மாத்தி மாத்தி” என்றான். “ரெண்டு பேருமே.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

பிறகு அவர் மனைவியிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது இவனுக்குப் புரியவில்லை.

அந்த அம்மாவின் பதில் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“ஆமாங்க. நான்தான் பாத்தனே. அப்படியேதானுங்க முடிஞ்சுது.”