ஒன்பதாவது கேள்வி

மனநலப் பிரிவில் பயிற்சி மாணவிக்கு இன்று முதல் நாள். எதிரே, மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை என்று வந்திருக்கும் அச்சகத் தொழிலாளி. மின்விசிறிக் காற்றில் கேள்வித்தாள் படபடக்கிறது. இடது கையால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். பசி, தூக்கம், அழுகை என்று எட்டுக் கேள்விகளைக் கேட்டாயிற்று. ஒன்பதாவதை மனதுக்குள் படிக்கிறாள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? அப்பா வயது மனிதரிடம் இதை எந்த வாயால் கேட்பது? கேட்காமலே ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, “அவ்ளோதான் சார், வெளில உக்காருங்க” என்கிறாள். அவர் எழுந்திருக்கவில்லை. முப்பது வருடம் அச்சுக் கோத்து, எழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பழகியவர். அவர் விரல் மேசையைத் தாண்டி மெல்ல நீண்டு, மை காயாத அந்த டிக்கின் மேல் நிற்கிறது. “இத நீங்க கேக்கவே இல்லியேம்மா.”