முதுகுப் பக்கத்து மோலா

செத்துப்போன ரெஃபினாவைத் தூளியில் கிடத்தியிருந்தார்கள். எதிர்க்கரை இடுகாட்டுக்குக் கொண்டுபோகப் படகு காத்திருந்தது. பனாமாக் கடலோரத்துக் குனா பெண்களின் ரவிக்கைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மோலாக்கள் வேண்டும். நிறம் நிறமான துணிகளை அடுக்கி, மேல்துணியை வெட்டி அடியிலிருக்கும் நிறத்தை வெளியே காட்டி, விளிம்பை மடித்துத் தைக்க வேண்டும். தன்னோடு புதைக்கப்போகும் ரவிக்கையின் முன்பக்கத்தை ரெஃபினா சாவதற்கு முன்பே தைத்துவிட்டாள். பின்பக்கம் எப்போதும் தங்கை எலீடாவின் வேலை. அக்காவுக்கு முடியாமல் போனதிலிருந்து எலீடா தூங்கவில்லை. கண் எரிந்தது. பின்பக்க மோலாவில் தைத்துக்கொண்டிருந்த நண்டின் ஒரு கொடுக்கு இன்னும் பாக்கி.

“படுத்திருக்கிறவ முதுகை எவ பார்க்கப்போறா? போதும், குடுடீ” என்றாள் சித்தி.

“யாரும் பார்க்க மாட்டாங்க சித்தி. ஆனா முடிச்சு முதுகுல உறுத்துச்சுன்னா அக்கா திட்டுவா. ஒவ்வொரு ரவிக்கைக்கும் திட்டு வாங்கியிருக்கேன்.”

கொடுக்கை முடித்து, துணியைத் திருப்பி உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். எங்கேயும் உறுத்தவில்லை. அக்காவே தடவினாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

சித்தி படகுக்காரரிடம் பேசத் திரும்பினாள். எலீடா மறுபடியும் ஊசியில் நூல் கோத்தாள். நடுமுதுகில் படுகிற இடமாகப் பார்த்து, பெரிதாக ஒரு முடிச்சுப் போட்டாள்.