அரைச் சுற்று

"மெஷினைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. ஓடவிட்டுப் பாத்துடலாம்" என்றார் விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி.

அவரையும் என் தங்கச்சியையும் முன்னறையில் விட்டுவிட்டுப் பின்பக்க ஷெட்டுக்கு வந்தேன். கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். இரண்டு நிமிடம் கிடைக்கும். அதற்கு மேல் போனால் மனுஷர் எழுந்து தேடிக்கொண்டு வந்துவிடுவார்.

மெஷின் பெஞ்சின் மேல் கிடந்தது. மரம் அறுக்கிற சின்ன மெஷின். இதற்குப் பிடி பின்னால் இருக்காது, முதுகின் மேல் இருக்கும். கயிற்றில் தொங்கிக்கொண்டே கிளை கழிக்கிறவர்களுக்காகச் செய்தது. நல்ல மெஷினின் விலையில் கால்வாசிக்குக் கிடைத்தது. நாம் செய்கிற சில்லறை வேலைக்கு இதுவே அதிகம் என்று சொல்லி வாங்கவைத்தவன் நான்.

மரம் ஏறுகிறவர் என் தங்கச்சி புருஷன். அவருடைய இடுப்புக் கயிற்றின் மறுமுனை கீழே என் கையில் இருக்கும். பத்து வருஷமாக அப்படித்தான்.

இந்த மெஷினுக்கு மாப்பிள்ளை வைத்த பெயர் மாமியார். பத்துத் தடவை கெஞ்சினால்தான் எழுந்திருக்கும், எழுந்தால் ஊரைக் கூட்டும், அவசரத்துக்கு நின்றுபோகும் என்பார். என் அம்மா காதுபடவே சொல்வார். அம்மாவும் சிரிப்பாள்.

அந்த நின்றுபோவதுதான் பெரிய கழுத்தறுப்பு. விசையிலிருந்து விரலை எடுத்தால் அணைந்துவிடும். நாற்பதடி உயரத்தில் தொங்கிக்கொண்டு மறுபடி மறுபடி கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வலது தோளைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

அணையாமல் இருக்க ஒரு குறுக்கு வழி உண்டு. பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ. அதைக் கொஞ்சம் உள்ளே திருகினால் என்ஜின் சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். என்ன, விரலை எடுத்த பிறகும் அறுக்கிற பல்செயின் நிற்காது. மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மெஷினைக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

அன்று காலை, இதே பெஞ்சில், அந்த ஸ்க்ரூ அரைச் சுற்று உள்ளே போனது.

எனக்குத் தெரியும். போகும்போது சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு வண்டியில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. மேலேயிருந்து சத்தம் நிற்காமல் வந்தபோது ஞாபகம் வந்தது. மாமியார் இன்றைக்கு நல்ல குணமாக இருக்கிறாள் என்று மாப்பிள்ளை மேலேயிருந்து கத்தினார். நானும் சிரித்தேன். இறங்கி வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை மளமளவென்று நடக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது கிளை விழுந்ததும் மெஷினை வழக்கம்போல இடுப்பு வளையத்தில் மாட்டிவிட்டு அடுத்த கொம்புக்கு நகர்ந்தார். பிரேக் போட்டுவிட்டு மாட்ட வேண்டும். நாங்கள் போட்டதே இல்லை. தானாக நின்றுபோகிற மெஷினுக்கு யார் பிரேக் போடுவார்கள்?

செயின் கயிற்றில் பட்டது. என் கையில் இருந்த முனை சட்டென்று லேசானது.

பதினோரு நாள் ஆகிறது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. இடப்பக்கமாக அரைச் சுற்று. திருகிய இடம் பளிச்சென்று தெரிந்ததால் மரத்தூளையும் எண்ணெயையும் குழைத்து விரலால் பூசினேன்.

இனி அதிகாரி ஓடவிட்டுப் பார்த்தால் செயின் ஒழுங்காக நிற்கும். மெஷினில் குறை இல்லை, ஏறினவர்தான் அஜாக்கிரதையாகத் தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொண்டார் என்று எழுதிக்கொண்டு போவார். பழி மொத்தமும் மாப்பிள்ளை தலையில். செத்துப்போனவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. இதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வேன்.

கதவு திறந்தது. தங்கச்சி.

ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று சட்டைக்குள் மறைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். பக்கத்தில் வந்து, அதன் மேல்பிடியில் அவர் கை பட்டுப் பட்டு வழுவழுப்பாகிப்போன இடத்தைத் தடவினாள்.

"தோள் வலி தாங்கலன்னு சொல்லிட்டே இருந்தாரேண்ணே. மெக்கானிக் இந்த ஸ்க்ரூவத் திருகுறத ஒரு நாள் பாத்திருந்தேன். அதான் அன்னிக்குக் காலையில, அவருக்குத் தெரியாம, நானே அரைச் சுத்து திருகி வெச்சேன். மேல போனதுக்கப்புறம் ஒரு தடவையாவது நின்னுச்சா?"

அன்று காலை ஷெட்டு வாசலில் நின்று நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. முன்னறையில் அதிகாரி நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"இல்லம்மா. ஒரு தடவைகூட நிக்கல."

அவள் தலையாட்டினாள். பதினோரு நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.