காணாமல் போன டூத்பிரஷ்

நேற்றுத்தான் வாங்கிய டூத்பிரஷ்ஷையும் காணோம். கணக்கு வாத்தியார் கண்ணாடி முன்னால் நின்று விரலால் பல் தேய்த்துக்கொண்டே, "நீ பாத்தியா?" என்று கத்தினார்.

"எனக்கென்னங்க தெரியும்? எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவள் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியை. சோப்பையே ஒருமுறை கழுவிவிட்டுக் கை கழுவுகிறவள் வீட்டில் எலிக்கு என்ன வேலை? வாத்தியாருக்குப் பொறி தட்டியது.

அன்றைக்கே கையும் களவுமாகப் பார்த்தும்விட்டார். அவர் குடித்து வைத்த காபிக் கோப்பையின் விளிம்பைப் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு தேய் தேய்த்து, சின்னக் குழாய்க்குள் போட்டு மூடி, கைப்பைக்குள் சொருகினாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது.

பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பியான அவன், விவாகரத்து வழக்குகளில் பேர் போன வக்கீல்.

"பிரஷ், காபிக் கப்பு... மாமா, இதெல்லாம் டி.என்.ஏ. டெஸ்ட்டுக்குத்தான் எடுப்பாங்க. உண்மையைச் சொல்லுங்க, வெளியில எங்கயாவது குழந்தை கிழந்தை...?"

"வாயைக் கழுவுடா!"

"கோச்சுக்காதீங்க. ஆனா கோர்ட்டுன்னு வந்தா நான் அக்கா பக்கம்தான் ஆஜராவேன். இப்பவே சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு வாத்தியார் யோசித்தார். எல்லாம் அந்த விருந்திலிருந்துதான்.

அவளுக்கு இந்தச் சனிக்கிழமை பெரிய விருது கிடைக்கப்போகிறது. ஆள் நடமாட்டமே இல்லாத மலைக்குகை ஒன்றில், இதுவரை யாருமே பார்த்திராத கிருமியைக் கண்டுபிடித்ததற்காக. தலை நரைக்கும்வரை அடுத்தவர் விருது வாங்கக் கைதட்டியே பழகியவளுக்கு இப்போதுதான் வேளை வந்தது. அதற்காக அவள் துறையில் விருந்து வைத்தார்கள்.

அங்கே நூலகர் அம்மாவுடன் வாத்தியார் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசிவிட்டார். "குகைக்குள்ள கூடவே போனது யாருன்னு நினைக்கிறீங்க? இவ அந்தப் பக்கம் திரும்பி சுவரைச் சுரண்டிக்கிட்டு நிக்கிறா. எனக்கு ஒரு கையில டார்ச், ஒரு கையில அவளோட சாம்பிள் பாட்டில். மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்து நீட்டினேன் பாருங்க!" என்று அவர் அளக்க, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பினால் மனைவியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. விழாவுக்குப் புதுத்துணி எடுக்கலாம் வா என்றாலும் வேண்டாம் என்கிறாள்.

பொறாமைதான், வேறென்ன? இந்த வயதிலும் தன்னை நினைத்து ஒருத்தி பொறாமைப்படுவது உள்ளூர இனிக்கத்தான் செய்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. புதுக் கிருமிக்குக் கட்டின புருஷன் பெயரையே சூட்டி, ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவித்தவள் அவள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகவே ஜாக்கிரதையானார். இன்னொரு பிரஷ் வாங்கிப் பைக்குள் வைத்துப் பூட்டினார். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாகத் தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தார்.

அப்படியும் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சோபாவில் கண்ணயர்ந்தவர், உதட்டில் ஏதோ உரச விழித்தால், குச்சியும் கையுமாக அவள் குனிந்திருந்தாள்.

"கொசுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அறைக்குள்ளிருந்து அவள் போனில் கிசுகிசுப்பது கேட்டது. "அவருக்குத் தெரிய வேண்டாம். ரெண்டும் ஒண்ணுதானான்னு மட்டும் பாத்துச் சொல்லு. ஒண்ணுதான்னா என் வாழ்க்கையே போச்சு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீங்கிய கண்களோடு வந்து உட்கார்ந்தாள். அதற்குமேல் வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

"சத்தியமா சொல்றேன், எனக்கும் அந்த லைப்ரரி அம்மாவுக்கும் ஒண்ணுமே கிடையாது. எனக்கு எங்கயும் எந்தக் குழந்தையும் கிடையாது!"

அவள் திருதிருவென்று விழித்தாள். "என்ன உளர்றீங்க? எந்தக் குழந்தை?"

"அப்ப எதுக்கு என் பிரஷ், கப்பு எல்லாம் டெஸ்ட்டுக்குப் போகுது?"

அவள் முந்திக்கொண்டு வந்த அழுகையை அடக்கினாள். "குகைக்குள்ள ஐஸ் மாதிரி ஜில்லுனு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஆனா அந்தக் கிருமி உடம்புச் சூட்டுலதான் நல்லா வளர்ந்துச்சு. அதையே பெரிய அதிசயம்னு எழுதினேன். ஏன்னு யோசிக்கல. மூடியைப் பல்லால கடிச்சேன்னு நீங்க சொன்னப்பதான் சந்தேகம் வந்துச்சு."

வாத்தியாரின் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது.

"இன்னிக்கு ரிசல்ட் வந்துடுச்சுங்க. குகையில எடுத்ததும் உங்க வாயில எடுத்ததும் ஒண்ணேதான்."

"சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. விருது வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டுத்தான் வர்றேன்."

"பாவி நான்! உன் உழைப்பையெல்லாம் கடிச்சுத் துப்பிட்டேனே!" வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் அவரையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அத்தனை நாள் கழித்து உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"விடுங்க. பேரை மட்டும் சரியாத்தான் வெச்சிருக்கேன்."