கட்டைவிரலுக்குப் போன ச

முதலில் எறும்பு என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை. திரைச்சீலை உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால், புதன்கிழமையிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாத என் மனைவி.

எறும்பு இல்லை, அவள் விரல்கள். இரண்டு கைகளையும் என் முதுகில் வைத்துக்கொண்டு, தூக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலையே அதுதான். டிவியில் செய்தி வாசிப்பவர் பேசப் பேச, அடியில் ஓடும் எழுத்துகளை அடிப்பவள். அவளுடைய அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. தங்கை அடிப்பதைப் படித்துத்தான் அவர் செய்தி தெரிந்துகொள்கிறார். அதனாலேயே அந்த வேலை அவளுக்கு உயிர்.

அவளுடைய வலது சுண்டுவிரல்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இருக்கிற விரல்களிலேயே நோஞ்சான் அது. கீபோர்டில் ந என்ற எழுத்து அதற்கு அடியிலேயே இருக்கிறது, தொல்லையில்லை. ச அடிக்கவும், அடித்ததை அழிக்கவும்தான் ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால்கூட வலித்தது. டைப் அடிப்பதை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். பழைய ஒளிப்பதிவுகளை அடுக்கி வைக்கும் அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, போய் உட்காருகிறாயா என்று கேட்டது ஆபீஸ். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

நாளைக்குத் திங்கட்கிழமை.

நான் லிஃப்ட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த மாடி என்று தீர்மானிப்பது என் பிழைப்பு. கீபோர்டுக்குள்ளும் அப்படி ஒரு குட்டி மென்பொருள் உண்டு. ஃபர்ம்வேர் என்பார்கள். அவள் தினமும் பையில் எடுத்துப்போகும் கீபோர்டு, கைக்கு ஒன்றாக இரண்டு துண்டுகளாகப் பிரிந்தது. புதன்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் அதன் ஃபர்ம்வேரை மாற்றினேன். ச-வை வலது கட்டைவிரலுக்கு இறக்கினேன், அழிக்கும் விசையை இடது கட்டைவிரலுக்கு. பழக்கதோஷத்தில் சுண்டுவிரல் மறுபடி எட்டிப் பிடிக்கக் கூடாதே என்று, பழைய இடங்களை ஊமையாக்கிவிட்டேன்.

அவளிடம் சொன்னேனா? அதுதான் இல்லை. இந்தத் துரை ஆச்சரியம் கொடுக்கப் போகிறாராம்!

அன்றைய காலைச் செய்தி முழுக்க ச இல்லாமல் ஓடியது. அழிக்கலாம் என்றால் அழிக்கும் விசையும் இடத்தில் இல்லை. ‘புதிய சாலை திறப்பு’ என்பது ‘புதிய ஆலை திறப்பு’ ஆனது. ஆலையில் ஆள் எடுக்கிறார்களா என்று டிவி நிலையத்துக்கு ஒரே போன். அவள் மானம் கப்பலேறிவிட்டது.

“என் விரல மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். கீபோர்டை அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஆபீஸில் கிடக்கும் ஏதோ ஒரு கீபோர்டில், சுண்டுவிரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு அடிப்பதாகக் கேள்வி.

இப்போது அதே விரல்கள் என் முதுகில்.

மூச்சுக் காட்டாமல் படித்தேன். எந்த விரல் எங்கே போனால் என்ன எழுத்து என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். மு. க். கி. ய. அடுத்ததாக வலது கட்டைவிரல் அழுந்தியது.

கட்டைவிரல்!

‘முக்கியச் செய்திகள்.’

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கை கற்றுக்கொண்டிருக்கிறது. எப்போது? நேற்று பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியபோது அலமாரி உச்சி காலியாக இருந்தது. கோபத்தில் குப்பையில் போட்டுவிட்டாள் என்றல்லவா நினைத்தேன்!

‘ஊரெங்கும் மழை. புதிய சாலையில் வெள்ளம்.’

இந்த முறை சாலை சாலையாகவே வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளியே பெய்யும் மழைதான் அவள் கனவுக்குள்ளும் பெய்கிறது போலும். அங்கே அண்ணன் சோபாவில் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் காலடியில் தண்ணீர் மெதுவாக ஏறியது. யாருக்கும் பயமில்லை. கண் சொக்கிக்கொண்டு வந்தது.

‘வீட்டுக்காரர் ஒரு முட்டாள்.’

அட, கனவிலும் விடமாட்டாளா!

இடது கட்டைவிரல் வந்தது. தட்டியது, மறுபடி தட்டியது, முட்டாள் முழுக்க அழியும்வரை தட்டியது. மிச்சமிருந்த ‘ஒரு’வையும் அழித்தது.

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அடித்ததைத் தூக்கத்தில் யாராவது திருத்துவார்களா?

‘வீட்டுக்காரர் தூங்கவில்லை.’

நான் திரும்பப் போனேன்.

‘திரும்பக் கூடாது. செய்தி இன்னும் முடியவில்லை.’

சுவரைப் பார்த்தபடியே கிடந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதுவும் அவள் விரல்களுக்குத் தெரிந்திருக்கும்.

‘நாளைக் காலைச் செய்தி, வழக்கம்போல் நேரலையில்.’

அந்த வரியில் இரண்டு ந இருந்தன. இரண்டையும் வலது சுண்டுவிரல்தான் அடித்தது. அதில் பிளாஸ்திரி இல்லை.