பதிமூன்று கையெழுத்து

"நீங்க தள்ளக் கூடாதும்மா. அவர்தான் தள்ளணும்."

டாக்டர் விக்டோரியா இப்படிச் சொன்னதும், வராந்தாவில் காத்திருந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது.

பின்னே என்ன? சின்னச்சாமிக்கே கால் போகப்போகிறது. அவரைப் போய், சக்கர நாற்காலியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்த ஒரு நோயாளியை எக்ஸ்ரே ரூம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகச் சொன்னால்?

சின்னச்சாமி அவனியாபுரத்துக்காரர். ஆறு மாதமாக நாற்பது அடி நடப்பதற்குள் கால் மரத்து, வலி தாங்காமல் உட்கார்ந்துவிடுகிறார். பீடி குடித்த கால், ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, வலது காலை எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்று வேறொரு டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பொங்கலுக்கு அவருடைய காளையை வாடிவாசலுக்கு மச்சினன் பிடித்துக்கொண்டு போனான். இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அன்றையிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

எதற்கும் இன்னொரு டாக்டரைக் கேட்டுவிடலாம் என்று மனைவி மாயக்காள்தான் அவரை இந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்திருந்தாள்.

வெளியே இருநூறு பேர் நின்றாலும் டாக்டரம்மா அவசரப்படவில்லை. பாதத்தில் விரலை வைத்து நாடி பார்த்தார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்.

"சைக்கிள்லதான் தாயி. என்னையவும் பின்னாடி வச்சு மிதிச்சாரு. சைக்கிள்ல எம்புட்டுத் தூரம்னாலும் போவாரு. நடந்தாத்தான் உக்காந்துருவாரு" என்றாள் மாயக்காள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

அதற்கப்புறம்தான் இந்தக் கூத்தெல்லாம். முதலில் ஒரு சீட்டைக் கொடுத்து, வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கும் எக்ஸ்ரே ரூமுக்கு நடந்து போய் வரச் சொன்னார். போய் வருவதற்குள் ஆறு இடத்தில் உட்கார்ந்தார் சின்னச்சாமி. வந்து மூச்சு விடுவதற்குள் இந்தச் சக்கர நாற்காலி.

மாயக்காள் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்தாள். அதற்குத்தான் அந்த அதட்டல்.

சின்னச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்காலியின் முதுகில் குனிந்து தள்ளத் தொடங்கினார். மாயக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இதை இப்படியே விடக் கூடாது" என்று எழுந்தார் அழகுமலை.

தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆனவர். நெஞ்செரிச்சலுக்கு மருந்து வாங்க வந்திருந்தார். மனு எழுதுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து, 'கால் இழக்கப்போகும் ஏழை விவசாயியிடம் ஈவிரக்கமின்றி வேலை வாங்கிய டாக்டர்மீது நடவடிக்கை கோரி' என்று ஆரம்பித்தார். பெஞ்சு பெஞ்சாக அந்தத் தாள் போனது. ஆளாளுக்கு ஆத்திரத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். அவருடையதையும் சேர்த்துப் பதிமூன்று.

அந்த மும்முரத்தில் சின்னச்சாமி போனதையும் வந்ததையும் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

நாற்காலியை டாக்டர் அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார் அவர். மாயக்காள் பின்னாலேயே நுழைந்தாள். கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் நுழைந்தாள்.

டாக்டரம்மா அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டார்.

"மொக்கையா, இவரு எத்தனை இடத்துல நின்னாரு?"

"ஒரு இடத்துலயும் நிக்கல டாக்டரம்மா. போக வர ஒரே மூச்சு."

போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நின்றான் அந்த நோயாளி. உள்ளே காக்கிச் சட்டை. ஆஸ்பத்திரி வார்டுபாய்.

மாயக்காள் அவனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னச்சாமி தன் கால்களையே குனிந்து பார்த்தார். தள்ளிய கோபத்தில், வலிக்காததுகூட அவருக்கு இதுவரை தெரியவில்லை.

"ரத்தக்குழாய் அடைப்புன்னா வண்டியைத் தள்ளினாலும் வலிச்சிருக்கும். குனிஞ்சதும் வலி விட்டுப்போச்சு. சைக்கிள்லயும் குனிஞ்சுதானே மிதிக்கிறீங்க? கோளாறு கால்ல இல்ல. இடுப்புல எலும்பு நரம்பை நெருக்குது, குனிஞ்சா அந்த நெருக்கம் விடுது. சொல்லிட்டுச் செஞ்சா வீம்புக்கு நடந்து காட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்றார் டாக்டரம்மா.

"அப்ப என் காலு?"

"அது உங்களுக்குத்தான். எடுக்க வேண்டியதில்ல."

சின்னச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். இந்தத் தடவை வலியினால் இல்லை. மாயக்காள் டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த பொங்கலுக்குக் காளையைப் பிடித்துப் போகலாமா என்று கேட்டார் சின்னச்சாமி. பிடித்துப் போகலாம், பின்னால் ஓடக் கூடாது, பீடியை இன்றைக்கே விட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் அழகுமலை. மனுவை மெதுவாகப் பைக்குள் தள்ளப் பார்த்தார். அதற்குள் டாக்டரம்மா கை நீட்டி வாங்கிவிட்டார்.

முழுவதும் படித்தார். கையெழுத்துகளை எண்ணினார். முகத்தில் கோபமே இல்லை.

"நாற்காலியைப் பிடிக்க வந்த இந்தம்மாவை அதட்டி நிறுத்திட்டேன். வேற யாராவது எந்திரிச்சு வந்து, 'விடுங்க, நான் தள்ளுறேன்'னு வாங்கிட்டா என் சோதனை கெட்டுப்போகுமேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் சார். பதிமூணு பேர் இருந்தும் ஒருத்தர்கூட வரல. ரொம்ப நன்றி."