மாறாத அலைவு நேரம்

இயற்பியல் ஆசிரியர் கணினியில் உருவாக்கிய ஊசல் திரையில் இடமும் வலமும் ஆடியது. இணைய வகுப்பில் முப்பது முகங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஒரு தடவை ஆடிட்டு வர்ற நேரம் மாறவே மாறாது. புரிஞ்சுதா?” என்றது ஆசிரியரின் குரல்.

முப்பது தலைகளும் ஆடின.

மனைவி நீட்டிய காபியை வாங்கிக்கொண்டு ஆசிரியர் சாய்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா? ஒருத்தருக்காவது கவனம் சிதறுதா? பாடம்னா இப்படி நடத்தணும்!”

மனைவி திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்க, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு சரியா பன்னிரண்டு விநாடிக்கு ஒருதரம் மூக்கைச் சொறிஞ்சு தலையாட்டுது. மத்ததுகளும் அப்படித்தான். எல்லாரும் தங்களை வீடியோ எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுட்டு எங்கயோ போயிட்டாங்க!”

“என் காதுலயே பூ சுத்தறாங்களா? இப்பவே வாங்கு வாங்குன்னு வாங்கறேன்!”

“தாராளமா வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி, போன வருஷம் எடுத்த உங்க வீடியோவை நிறுத்தணுமே!”

திரையில் மீசையோடு இருந்த ஆசிரியர் மறுபடியும் கேட்டார்: “புரிஞ்சுதா?”

மீசையை எடுத்துவிட்ட ஆசிரியரின் தலை தானாக ஆடியது.